கடைக்கு வழி தெரியும்... கூட்டத்துக்கு?

டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ‘நேராப் போய் லெஃப்ட்ல திரும்புங்க சார்... நாலு பைக் கோணல்மாணலா நிக்கும், ஒருத்தர் பிளாட்பாரத்துல படுத்திருப்பார், அதுதான்!’ என்று அடையாளத்தோடு. சிலர் கூடவே வந்து காட்டுவதும் உண்டு. அவர்களுக்கும் அந்தப் பக்கம்தான் வேலை!

ஆனால், ‘குடியை விடறவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாமே, எங்கேங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். நானும் என் நண்பனும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் அப்படிக் கேட்டுக்கொண்டே முக்கால் மணி நேரம் அலைந்தோம். இளநீர்க்காரர் ஒருவர் ‘எந்தக் கட்சி?’ என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தபோது ஒரு பெரிசு எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘விடறதுக்கெல்லாமா கூட்டம் போடுவாங்க?’ என்று சிரித்தது. கடைசியில் வழி சொன்னது ஒரு பூக்கார அம்மாள். ‘அந்த சர்ச் காம்பவுண்டுக்குள்ளே போப்பா, பின்னாடி ஒரு ரூம்ல லைட் எரியும். எங்க வூட்டுக்காரரு அங்கதான் போறாரு’ என்றவர், என் நண்பனை மட்டும் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, நாங்கள் இருவரில் யாருக்கு அது தேவை என்று!

நண்பனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க யார் பெயரும் வராது. காரணம், போகப் போகப் புரியும். இப்போதைக்கு ‘நம்மாள்’ என்று வைத்துக்கொள்வோம்.

நம்மாளுக்கு வயது முப்பத்து நாலு. என் ஆபீஸ், என் செக்‌ஷன், எனக்கு அடுத்த சீட். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அவனைப் போல வேலைக்காரன் கிடையாது. நாலு மணிக்கு மேல் கண் கடிகாரத்துக்குப் போய்விடும், கால் மேஜைக்குக் கீழே தாளம் போட ஆரம்பிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது, அப்புறம் சம்பள நாள், அப்புறம் கிரிக்கெட் மேட்ச் நாள், அப்புறம் நாள்! போன வருஷம் காலையிலேயே கை நடுங்க ஆரம்பித்து, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். ‘குளிருடா’ என்றான். சென்னையில், மே மாதத்தில்!

அவனுடைய லீவ் லெட்டர்களை வைத்து ஒரு நாவலே எழுதலாம். நாலு வருஷத்தில் அவனுக்குப் பதினோரு வைரல் காய்ச்சல். பாட்டி மூன்று தடவை காலமாகியிருக்கிறார். (அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று, மூன்றாவது யார் வழி என்று மேனேஜர் கேட்கவில்லை.) இதில் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதங்களில் பாதி நான் எழுதிக் கொடுத்தவை. அவன் வராத நாளில் அவன் ஃபைலையும் நானே முடித்து அனுப்பியிருக்கிறேன். நட்பு என்று நினைத்துத்தான். பிறகு ஒருத்தர் இதற்கு வேறு பெயர் சொன்னார். அது பின்னால்.

திருப்பம் வந்தது ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு. அவன் மனைவி போன் செய்தாள். ‘அண்ணா, இவரு கழுத்துச் செயினைக் கேட்டு நிக்கறாரு. குழந்தை முழிச்சுக்கிட்டு பாக்குது. நான் என்ன பண்ணட்டும்ணா?’ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். இங்கே கொஞ்சம் நிறுத்தி, முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். ஏன்?

தினம் நிறையக் குடிக்கிறவர்கள், ‘நாளையிலிருந்து தொடமாட்டேன், சாமி மேல சத்தியம்!’ என்று ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை இதெல்லாம் ஆரம்பம்தான். கடைசி டம்ளருக்குப் பிறகு ஆறு மணியிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், உடம்பில் பூச்சி ஊர்வது போல இருக்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ‘மாலை போட்டதும் நிறுத்தினான், மூணாம் நாள் பேய் புடிச்சிருச்சு’ என்று ஊரில் சொல்வார்களே... அதில் பல பேய்கள் இதுதான்! ஆஸ்பத்திரியில் சில நாள் மாத்திரையும் வைட்டமின் பி-1 ஊசியும் கொடுத்து, படிப்படியாக இறக்கிவிடுவார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கேயே இதைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. ‘குடிகாரருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், பதினைந்தே நாளில் மாறுவார்’ என்று சுவரெல்லாம் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். குடித்தால் வாந்தி, படபடப்பு வரவைக்கும் மருந்து ஒன்று நிஜமாகவே உண்டு. டைசல்ஃபிராம் என்று பெயர். டாக்டர் சோதித்துப் பார்த்து, நோயாளியின் முழுச் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருத்தர் ஒரு குவார்ட்டரை ஏற்றினால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி ஆளையே கொண்டுபோய்விடலாம். நோட்டீஸ் பாக்கெட்டில் இருப்பது அதுவா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. சாம்பாரில் கலக்கிற அம்மாக்களும் மனைவிகளும் தயவுசெய்து யோசிக்கவும்.

நம்மாள் ஆறு நாள் அட்மிட் ஆகி இருந்தான். முதல் முறையாக லீவ் லெட்டரில் உண்மையை எழுதினான்: ‘மருத்துவச் சிகிச்சை’. மேனேஜர் அதை நம்பவில்லை!

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்னார்: ‘உடம்பிலிருந்து சாராயத்தை நான் எடுத்துட்டேன். மனசுல இருக்கறதுக்கு ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்க.’

நம்மாள் என்னைப் பார்த்தான். ‘டபுள் ஏ-ன்னா ரிமோட்டுக்குப் போடற பேட்டரிதானேடா?’

* * *

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. ‘பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள்’ என்று தமிழில் சொல்லலாம். இதன் கதை சினிமா மாதிரி இருக்கும்.

1935ஆம் வருஷம், மே மாதம். அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊர். அங்கே ஒரு ஓட்டல் வரவேற்பறையில் நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்கிற பங்குச் சந்தை ஆசாமி, குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்திக்கொண்டிருக்கிறார். வந்த வியாபாரக் காரியம் ஊத்திக்கொண்டது. கையில் காசில்லை. குடியால் ஒரு தடவை அழிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகிறது. வரவேற்பறையின் ஒரு பக்கம் பார். உள்ளே சிரிப்புச் சத்தம், கண்ணாடி டம்ளர் சத்தம். மறுபக்கம் டெலிபோன், அதன் பக்கத்தில் ஊரிலுள்ள சர்ச்சுகளின் பட்டியல்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று பொறி தட்டுகிறது. நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களிடம் ‘விட்டுவிடு’ என்று பேசிப் பார்த்தார். ஒருத்தர்கூடத் திருந்தவில்லை. ஆனால், பேசிய நாளெல்லாம் அவர் குடிக்கவில்லை! ஆக, இப்போது தனக்குத் தேவை இன்னொரு குடிகாரர். போனைத் திருப்ப ஆரம்பித்தார். ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் ஒரு பெண்மணி, ‘எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறார்’ என்றார்.

அந்த டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர். கத்தி பிடிக்கிற கை, குடித்தால்தான் நடுங்காமல் நிற்கும் என்ற நிலைமை. ‘கால் மணி நேரம்தான் இருப்பேன்’ என்று மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கு முன் எத்தனையோ பேர் அவருக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். இந்த ஆள் புத்தியே சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். கால் மணி நேரம் ஆறு மணி நேரமானது. நடுவில் டாக்டர் ஒருமுறை சறுக்கினார். மறுபடி எழுந்தார். 1935 ஜூன் 10, ஓர் ஆபரேஷனுக்குப் போகும்முன் கை நிற்பதற்காக பில்லே வாங்கிக் கொடுத்த ஒரு பாட்டில் பீர்தான் அவர் கடைசியாகக் குடித்தது. 1950ல் இறக்கும்வரை தொடவில்லை. அந்த ஜூன் 10தான் ஏ.ஏ.வின் பிறந்த நாள்.

இந்தியாவுக்கு அது வந்தது 1957ல். டெல்லிக்கு வந்த ஒரு கனடாக்காரர் ஆரம்பித்து வைத்தார். இன்று சுமார் 180 நாடுகளில் கூட்டம் நடக்கிறது. நம் ஊரில் சென்னை, மதுரை, கோவை என்று பெரிய ஊர்களில் தமிழிலேயே நடக்கிறது. சென்னையில் சில இடங்களில் ஆங்கிலத்திலும் உண்டு.

சென்னையைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாமல் 1980ல் கணவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். இந்திரா நகரில் ‘டி.டி.கே. ஆஸ்பத்திரி’ என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். குடி ஒரு கெட்ட குணமல்ல, நோய். குடிக்கிறவன் ‘குடிகாரன்’ அல்ல, ‘குடிநோயாளி’ என்கிற பேச்சு தமிழ்நாட்டில் புழக்கத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

* * *

சரி, அந்த லைட் எரிகிற ரூமுக்கு வருவோம்.

வாசல் வரை வந்த நம்மாள், செருப்பைக் கழற்றப் போனவன் கழற்றாமல் நின்றுவிட்டான். ‘மச்சான், உள்ளே நம்ம ஆபீஸ் ஆள் யாராவது இருந்தா?’

நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்: ‘இருந்தா அவனும் குடிநோயாளிதானேடா. அவன் உன்னைப் பார்த்துப் பயப்படுவான்!’

உள்ளே பழைய ஸ்கூல் பெஞ்சுகள், பிளாஸ்டிக் நாற்காலிகள் இருபது, ஒரு மேஜை, எவர்சில்வர் டீ டிரம், பட்டர் பிஸ்கட். நான் எதிர்பார்த்து வந்தது தலையைத் தொங்கப் போட்ட ஒரு சோகக் கூட்டம். நடந்துகொண்டிருந்தது அரட்டை! பாங்க் ஆபீஸர் மாதிரி ஒருவர், காக்கிச் சட்டை ஆட்டோக்காரர், காதில் புளூடூத்தோடு ஐ.டி. இளைஞன் ஒருவன், ரிட்டயர்டு வாத்தியார். ஒரு பெண்ணும் இருந்தார். குடி நோய் பெண்களுக்கும் வருகிறது. வெளியே சொல்வது அவர்களுக்கு நம்மைவிடப் பத்து மடங்கு கஷ்டம்.

யாரும் பெயர் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் இல்லை, கையெழுத்து இல்லை, ஆதார் கார்டு இல்லை. ‘டீ எடுத்துக்கங்க தம்பி’ என்றார்கள், அவ்வளவுதான். ஏ.ஏ.வில் சேர ஒரே ஒரு தகுதி. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை!

கூட்டங்கள் இரண்டு வகை. குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் கூட்டம் ஒன்று. குடும்பத்தார், நண்பர்கள், என்னைப் போன்ற வேடிக்கைக்காரர்களும் வரலாம் என்பது திறந்த கூட்டம். நாங்கள் போனது இரண்டாவது வகை. ‘இங்கே கேட்டதை இங்கேயே விட்டுட்டுப் போகணும்’ என்பது அங்கே எழுதப்படாத சட்டம். எழுதப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டபோது, ‘எங்க முறையை எழுதுங்க, எங்க கதைய எழுதாதீங்க’ என்றார்கள். அதனால் அங்கே கேட்ட கதைகள் எதுவும் இங்கே வராது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ரெண்டு, சினிமாக்காரர்கள் காலில் விழுந்து வாங்குவார்கள்.

முறை இதுதான். அன்றைக்கு நடத்துகிறவர் என்று ஒருவர். தலைவர் எல்லாம் இல்லை, முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு நிமிஷ மௌனம். ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு காகிதத்திலிருந்து வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்கிறார்கள். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். ஐந்து பத்து நிமிஷம் தன் கதை. குடித்த காலம் எப்படி இருந்தது, என்ன நடந்தது, இப்போது எப்படி. நடுவில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. முடிந்ததும் ‘நீ இப்படிப் பண்ணியிருக்கணும்’ என்று யாரும் அட்வைஸ் பண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் ஒன்றரை மணி நேரம் இருபது பேர் கூடி, ஒருத்தர்கூட அட்வைஸ் பண்ணாத இடத்தை நான் முதல் முறையாக அங்கேதான் பார்த்தேன்!

பேச இஷ்டமில்லை என்றால் ‘கேட்க மட்டும் வந்தேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நம்மாள் அதைத்தான் செய்தான்.

கடைசியில் ஒரு துணிப் பை சுற்றி வருகிறது. பத்து, இருபது என்று போடுகிறார்கள். புதுசாக வருகிறவர்கள் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காசில்தான் ரூம் வாடகை, டீ. வெளியாள் யாராவது ‘ஒரு லட்சம் தர்றேன், என் பேரைப் போடுங்க’ என்றாலும் வாங்க மாட்டார்கள். வெளிப் பணம் வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. நம்ம ஊர் அரசியல்வாதிகளுக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. வாடகைக்கு ரூம் கிடைத்த இடம் சர்ச், அவ்வளவுதான். ஸ்கூலிலும் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. ஆனால், அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார் என்பது உண்மை. ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்று கூடவே ஒரு வார்த்தையும் வருகிறது. அங்கே கறுப்புச் சட்டையோடு ஒரு பெரியவர் இருந்தார். டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். ‘தம்பி, என்னால தனியா நிறுத்த முடியலே. இந்த இருபது பேரால முடிஞ்சது. என்னைவிடப் பெரிய சக்தி இருக்குன்னு ஒத்துக்கறதுல எனக்கு என்ன கொள்கைப் பிரச்னை?’ என்றார். இதற்கு மேல் யார் என்ன கேட்பது!

இந்தப் படிகளின் சாரத்தை என் பாணியில் சொன்னால்... என்னால் இதை அடக்க முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது முதல் படி. நடுவில் தன் குறைகளைத் தானே பட்டியல் போடுவது, யாரையெல்லாம் காயப்படுத்தினோம் என்று எழுதி, முடிந்த இடத்தில் ஈடு செய்வது. (ஈடு செய்யப் போய் அவர்களுக்கு இன்னும் கஷ்டம் வரும் என்றால் செய்யக்கூடாது.) கடைசிப் படி, இன்னொரு குடிநோயாளிக்குக் கை கொடுப்பது. பில் வில்சன் போனைத் திருப்பினாரே, அதேதான்.

முதல் படியில்தான் நம் இளைஞர்கள் பலர் வழுக்குகிறார்கள். ‘நான் நினைச்சா இப்பவே விட்டுருவேன் சார்’ என்று நூறு தடவை விட்டவர்கள் எத்தனை பேர்! நம்மாளும் அந்த வகைதான். கூட்டத்துக்குப் பிறகு பாங்க் ஆபீஸர் போன்றவர் அவனிடம் வந்து, ‘வாழ்க்கை முழுக்க விடணும்னு நினைக்காதீங்க, பயமா இருக்கும். இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருங்க. நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றார். கூடவே தன் செல் நம்பரைக் கொடுத்தார். ‘குடிக்கணும்னு தோணினா, குடிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. குடிச்சிட்டுக் கூப்பிட்டா நான் என்ன பண்றது!’

இப்படி வழிகாட்டுகிற மூத்த உறுப்பினரை ‘ஸ்பான்ஸர்’ என்கிறார்கள். காசு கொடுக்கிற ஸ்பான்ஸர் இல்லை! ராத்திரி ஒரு மணிக்கும் போன் எடுக்கிறவர். பசி, கோபம், தனிமை, களைப்பு... இந்த நாலில் ஒன்று வந்தாலும் ஜாக்கிரதை என்று அவர் சொல்லிக் கொடுத்தாராம். நம்மாளின் நாலு மணி ஆட்டத்தில் பாதி பசி என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது நாலு மணிக்கு ரெண்டு வாழைப்பழமும் ஒரு வடையும்.

அதே ஸ்பான்ஸர்தான், நான் லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்த கதையைக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: ‘நீங்க அவருக்கு சைடிஷ் சார்!’

சுருக்கென்றது. ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் மட்டும் அந்தப் பதினோரு வைரல் காய்ச்சலை எழுதாமல் இருந்திருந்தால் மூன்றாவது காய்ச்சலிலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

* * *

இதெல்லாம் வேலை செய்கிறதா, அல்லது டீ பிஸ்கட்டோடு சரியா? ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்த்துச் சொல்கிற உலகளாவிய அமைப்பு. 2020ல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு அலசினார்கள். முறையாக ஏ.ஏ. வழிக்குத் திருப்பிவிடப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து முழுக்க நிறுத்தியிருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற மனநலச் சிகிச்சைகளில் 35. பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். காசு செலவில்லாத, இருபது நாற்காலி மட்டுமே உள்ள ஒரு ஏற்பாட்டுக்கு இது பெரிசுதான். மீதி 58 பேரையும் மறக்கக் கூடாது. இந்த வழி ஒத்துவராதவர்களுக்குக் கவுன்சலிங் இருக்கிறது, ஆசையைக் குறைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. ‘கூட்டத்துக்குப் போறேனே, மாத்திரை எதுக்கு?’ என்று டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தேவைப்படுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. மத்திய அரசு 2019ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குடிக்கிறவர்கள் சுமார் 16 கோடி. அதில் விட முடியாமல் அடிமைப்பட்டு நிற்பவர்கள் மட்டும் 2.9 கோடி. நம் மாநிலத்தில் அரசாங்கமே 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடை வைத்து விற்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை இழுத்து மூடியபோது கூட்ட ரூம்களும்தான் மூடின. அப்போது செல்போனில் ஜூம் கூட்டம் ஆரம்பித்தார்கள். அது இன்றும் தொடர்கிறது. நைட் ஷிப்ட் ஆசாமிகள், பக்கத்தில் கூட்டம் இல்லாத சின்ன ஊர்க்காரர்கள், முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். ஆனால், பழைய உறுப்பினர்கள் எல்லோரும் சொல்வது, ‘செல்போன்ல டீ வராது தம்பி, நேர்ல வாங்க’ என்பதுதான்.

கண்டுபிடிப்பது எப்படி? எங்களைப் போல இளநீர்க்காரரிடம் விசாரிக்க வேண்டியதில்லை. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம் இருக்கிறது. கிளம்பும் முன் அதிலுள்ள நம்பருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், இடம் மாறியிருக்கலாம். போனை எடுக்கிறவரும் ஒரு காலத்தில் நம்மாள் மாதிரி இருந்தவராகத்தான் இருப்பார். அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. மனசு ரொம்பவும் சோர்ந்து தப்பான எண்ணமெல்லாம் வந்தால் 14416. தமிழிலேயே பேசுவார்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு பேட்டையில் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் முகமும் பேச்சும் மாறும். சலூன் மாதிரிதான், முதல் கடையிலேயே நமக்குப் பிடித்தபடி முடி வெட்டிவிடுவார்களா என்ன?

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ‘அல்-அனான்’ என்ற கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951ல் ஆரம்பித்து வைத்தது. நம்மாளின் மனைவி முதலில் மறுத்தாள். ‘குடிக்கறது அவரு, கூட்டத்துக்கு நான் போகணுமாண்ணா?’ நியாயமான கேள்வி! ஆனாலும் போனாள். அவன் குடிக்கு நான் காரணமில்லை, என்னால் அதை அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது அங்கே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். அன்று வீட்டுக்கு வந்துதான் முதல் முறையாக அழுதாளாம். எட்டு வருஷமாக, ‘நான் சரியாகச் சமைத்திருந்தால், எதிர்த்துப் பேசாமல் இருந்திருந்தால்’ என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மாமியாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

* * *

நம்மாள் திருந்தி சுபம் போட்டாயிற்று என்று நினைக்காதீர்கள்.

முப்பத்தெட்டாம் நாள் செக்‌ஷனில் ஒருத்தனுக்குப் பிரமோஷன். ட்ரீட். ‘வெறும் பெப்ஸி மச்சான்’ என்று போனவன் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். மறுநாள் எனக்கு போன். ‘வைரல் ஃபீவர்னு எழுதிக் குடுடா.’

‘முடியாதுடா’ என்றேன். அதைச் சொல்ல எனக்கு நாக்கு வறண்டது. வைத்துவிட்டான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஸ்பான்ஸரோடு பேசினான். அவர் திட்டவே இல்லையாம். ‘சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் இருக்கு, வந்துருங்க’ என்றாராம். போய், எழுந்து நின்று, முதல் முறையாக வாயைத் திறந்து பெயர் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்றானாம். அங்கே சில குழுக்களில் புதிதாக ஆரம்பிப்பவருக்குச் சின்னதாக ஒரு வில்லை கொடுப்பது வழக்கம். கேரம் போர்டு காய் மாதிரி இருக்கும். அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். ஆபீஸில் யாராவது ‘இன்னிக்கு கட்டிங் போடலாமா?’ என்றால் கை தானாகப் பைக்குப் போகிறது.

ஈடு செய்கிற பட்டியலும் எழுத ஆரம்பித்திருக்கிறான். டீக்கடை பாக்கி, மைத்துனனிடம் வாங்கிய கடன், அம்மாவிடம் சொன்ன பொய்கள்... என் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. ‘ஆறாயிரம்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். ஆறாயிரத்து ஐந்நூறு என்று திருத்தச் சொன்னேன்!

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு. அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டாவது நாள். குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போனபோது, அவன் மனைவி அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த ரூபாய் நோட்டை எடுத்துப் பால்காரருக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

‘இன்னுமா ஒளிச்சு வைக்கறேம்மா?’ என்றேன்.

‘இருக்கட்டும்ணா’ என்றாள், டப்பாவை மூடிக்கொண்டே. ‘அவருக்கும் தெரியும். அவருதான் இந்த டப்பாவைக் காட்டி, இதுலயே வைன்னாரு.’